பழைய சேலை, ஓரம் பிய்ந்த பாய், பரணில் கிடக்கும் மணை: வீட்டு அலங்காரக் கைவேலையைத் தொடங்குவது எப்படி

கைவேலை கற்றுக்கொள்ள ஆசைப்படும் பலர் முதலில் போவது கடைக்குத்தான். கலர் கலராகப் பெயின்ட், மணிகள், லேஸ், பசைத் துப்பாக்கி என்று ஒரு பை நிறைய வாங்கி வருவார்கள். பாதிப் பொருளைப் பிரிக்காமலே அந்தப் பை அலமாரிக்குப் போய்விடும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதற்கு நேர்மாறு. முதலில் பரணைத் திறந்து பாருங்கள். கட்டாமல் மடித்து வைத்த காட்டன் சேலை, ஓரம் பிய்ந்த கோரைப்பாய், யாரும் உட்காராத மரமணை, செடி பட்டுப்போன மண்தொட்டி என்று ஏதாவது கட்டாயம் இருக்கும். ஏற்கெனவே உள்ள பொருள் என்பதால் கத்தரி வைக்கக் கை தயங்காது. அதன் நிறமும் உங்கள் வீட்டுக்குப் பழகிய நிறமாக இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் செய்த பொருள் அழகாகத் தெரிவதும் அரைகுறையாகத் தெரிவதும் பெரும்பாலும் டிசைனைப் பொறுத்ததல்ல. ஓரம் ஒழுங்காக மடிந்திருக்கிறதா, துணி இஸ்திரி போட்டு நேராக இருக்கிறதா, பெயின்ட் அடிக்குமுன் மரத்தைத் தேய்த்தார்களா, ஒரு கோட் காய்ந்த பிறகுதான் அடுத்த கோட் போட்டார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் கீழே உள்ள வேலைகளில் தயாரிப்பையும் முடிப்பையும்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். நடுவில் வரும் அலங்காரத்தை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

கையில் இருக்க வேண்டியவை

துணிக்கென்று தனியாக ஒரு கத்தரி வேண்டும். காகிதம் வெட்டிய கத்தரி சீக்கிரம் மழுங்கும், பிறகு துணியை மென்றுவிடும். அப்புறம் இஞ்ச் டேப், ஒரு அடி ஸ்கேல், தையல் சாக்பீஸ், குண்டூசி, இரண்டு மூன்று அளவுகளில் ஊசி, வெள்ளைப் பசை, இஸ்திரிப் பெட்டி. மர வேலைக்கு 80, 120, 220 எண்களில் ஒவ்வொரு தாளாக உப்புத்தாள். எண் கூடக் கூட உப்புத்தாள் மென்மையாகும். இவ்வளவு போதும். பெயின்ட், பிரஷ் எல்லாம் அந்தந்த வேலை வரும்போது வாங்கலாம்.

ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை காய்ந்தால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் இளகும். எனவே துவைக்க வேண்டிய எதையும் பசையால் ஒட்டாதீர்கள். அதற்குத் தையல்தான்.

முதல் வேலை: வளையத்தில் சேலைத் துணி

எம்பிராய்டரி போடுவதற்காக விற்கும் மரவளையமே சுவர் அலங்காரத்துக்குச் சட்டமாகிவிடும். தைக்கத் தெரியாதவரும் ஒரு மாலைப்பொழுதில் முடிக்கக்கூடிய வேலை என்பதால் இதை முதலில் வைக்கிறேன். 8 இஞ்ச் வளையம் ஒன்று வாங்குங்கள். துணி 11 இஞ்ச் சதுரம் இருந்தால் தாராளம்.

எந்தத் துணி? சுங்குடி இதற்கென்றே அமைந்தது. மதுரையில் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் துணியில் சிறு சிறு முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்து உருவாக்கிய புள்ளிகள் அவை. 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் முடிந்த சுங்குடியில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. அதனால் வளையத்தில் துணி கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் கண்ணை உறுத்தாது, புதியவருக்கு இது பெரிய வசதி. செட்டிநாட்டுக் கண்டாங்கி அப்படியல்ல. அரக்கு, மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறங்களில் கட்டம் போட்ட அந்தத் துணி சுவரில் அட்டகாசமாக இருக்கும். ஆனால் கட்டம் துளி கோணினாலும் தூரத்திலிருந்தே தெரியும். முதல் வளையத்துக்குச் சுங்குடி, கை பழகிய பிறகு கண்டாங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துணியைத் துவைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவு மெல்லிய துணி என்றால், அதே அளவில் ஒரு வெள்ளைக் காட்டன் துணியை அடியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சுவரின் நிறம் ஊடுருவி, சேலையின் நிறம் மங்கலாகத் தெரியும்.

உள்வளையத்தை மேசையில் வைத்து, துணியை அதன்மேல் பரப்பி, திருகு தளர்த்திய வெளிவளையத்தை மேலிருந்து அழுத்துங்கள். திருகு மேல்பக்கம், அதாவது பூவோ கட்டமோ எது மேலே வர வேண்டுமோ அந்தப் பக்கம், இருக்கட்டும். திருகைப் பாதி முறுக்கிவிட்டுத் துணியைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். மேலே இழுத்தால் அடுத்து கீழே, இடப்பக்கம் இழுத்தால் அடுத்து வலப்பக்கம். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் இழை கோணிவிடும். துணி விறைப்பாக நின்றதும் திருகை முழுதாக இறுக்குங்கள்.

பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். வளையத்துக்கு வெளியே ஒரு இஞ்ச் துணி விட்டு மிச்சத்தை வட்டமாக வெட்டுங்கள். அந்த ஓரத்தைச் சுற்றி ஓட்டுத் தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிக் குத்தி முன்னோக்கி ஓட்டும் தையல், போட்டு, நூலின் இரு முனையையும் இழுத்தால் துணி சுருக்குப்பை வாய் போலச் சுருங்கி வளையத்துக்குப் பின்னால் போய்விடும். முடிச்சுப் போட்டு, வட்டமாக வெட்டிய அட்டை ஒன்றை ஒட்டி மூடுங்கள். பசை வழியாது, பின்னாளில் துணியை மாற்றவும் முடியும்.

ஒரு வளையம் தனியாக வெறுமையாகத் தெரிந்தால் 6, 8, 10 இஞ்ச் என்று மூன்று செய்து பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம். மூன்றுக்கும் ஒரே சேலையிலிருந்து துணி எடுங்கள். உடலிலிருந்து ஒன்று, முந்தியிலிருந்து ஒன்று, கரையிலிருந்து ஒன்று.

ஜிப் இல்லாத குஷன் உறை

தையலில் இதைவிட லாபமான முதல் வேலை இல்லை. ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம், நேர்கோட்டில் இரண்டே இரண்டு தையல். சேலையின் அகலத்தைச் சரியாகப் பயன்படுத்தினால் ஓரம் மடித்துத் தைக்கும் வேலைகூட மிச்சம்.

பொதுவாகக் காட்டன் சேலையின் அகலம் 45 இஞ்சுக்கு அக்கம்பக்கம். இரு பக்கமும் கரை, அதாவது நெசவிலேயே முடிந்த ஓரம். அந்த ஓரம் பிரியாது. சேலையைக் குறுக்காக, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை, ஒரு பட்டையாக வெட்டினால் பட்டையின் இரு முனையும் தயாராக முடிந்த ஓரங்களாகிவிடும். கரையின் வண்ணமும் உறையின்மேல் ஒரு கோடாக வந்து அமரும். தனியாக லேஸ் வைத்தாலும் அந்த அழகு வராது.

16 இஞ்ச் சதுர குஷனுக்குக் கணக்கு இப்படி. பட்டையின் அகலம் 17 இஞ்ச். இரு பக்கமும் தையலுக்கு அரை அரை இஞ்ச் போனால் 16 கிடைக்கும். நீளம் சேலையின் முழு அகலம், 45 என்று வைத்துக்கொள்வோம்.

1. சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எங்கே இழை நைந்திருக்கிறது என்று பாருங்கள். கால் பக்கம் தரையில் உரசிய இடமும் கொசுவம் செருகிய இடமும் முதலில் நையும். இரு கையாலும் பிடித்து லேசாக இழுக்கும்போது இழை விலகும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

2. துணியைத் துவைத்துக் காய வைத்து இஸ்திரி போட்ட பிறகே அளவெடுங்கள். 17 இஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு வெட்டுங்கள். கோடு நேராக வர ஒரு வழி உண்டு: வெட்ட வேண்டிய இடத்தில் ஒற்றை இழையைப் பிடித்து மெதுவாக உருவினால் துணியில் மெல்லிய வழி தெரியும், அதன்மேலேயே கத்தரியை ஓட்டலாம்.

3. பட்டையை நல்ல பக்கம் மேலே தெரியும்படி மேசையில் விரியுங்கள். உறையின் வெளியில் எந்தக் கரை தெரிய வேண்டுமோ அந்த முனையை முதலில் உள்நோக்கி 13 இஞ்ச் மடியுங்கள். எதிர் முனையை அதன்மேல் 16 இஞ்ச் மடியுங்கள். 13-உம் 16-உம் அடியில் உள்ள 16-உம் சேர்ந்து 45. சேலை 47 இஞ்ச் என்றால் முதல் மடிப்பை 15 ஆக்கிக்கொள்ளுங்கள். இப்போது நல்ல பக்கம் முழுவதும் உள்ளே இருக்கும். தைத்துத் திருப்பும்போது முதலில் மடித்த முனைதான் வெளியே வரும் என்பதை நினைவில் வையுங்கள். பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

4. மேலும் கீழும் திறந்திருக்கும் இரண்டு ஓரங்களில் குண்டூசி குத்தி, விளிம்பிலிருந்து அரை இஞ்ச் உள்ளே நேராகத் தையுங்கள். மெஷின் இருந்தால் ஐந்து நிமிட வேலை. கையால் என்றால் பின்தையல் போடுங்கள்: ஊசியை மேலே எடுத்து, ஒரு தையல் அளவு பின்னால் குத்தி, இரண்டு தையல் அளவு முன்னால் எடுப்பது. ஓட்டுத் தையல் குஷனின் இழுவிசைக்குத் தாங்காது.

5. நான்கு மூலைகளிலும் தையலை வெட்டாமல், முனையைச் சாய்வாகக் கத்தரித்துவிடுங்கள். உள்ளே துணி குவியாததால் திருப்பும்போது மூலை கூராக வரும். வெட்டுப்பட்ட விளிம்பு பிரியாமலிருக்க அதைச் சுற்றிச் சுற்றி ஊசி ஓட்டுங்கள்.

6. உறையைத் திருப்பி, மழுங்கிய பென்சிலால் மூலைகளை உள்ளிருந்து தள்ளி, மறுபடி ஒரு இஸ்திரி. குஷனைச் செருகுங்கள்.

கரை தெரியும் பக்கத்தையே முன்பக்கமாக வைக்கலாம். வாய் அந்தப் பக்கம் இருந்தாலும் துணி இவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் திறந்துகொள்ளாது.

பட்டுச் சேலையில் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு, மடிப்புக் கோட்டிலேயே விரிசல் விடும். சேலை மற்ற இடத்தில் பளபளவென்று இருந்தாலும் அந்தக் கோட்டில் தொட்டால் கிழியும். மடிப்பு விழாத இடமாகப் பார்த்து எடுத்து, அடியில் மெல்லிய காட்டன் துணியை லைனிங்காகச் சேர்த்துத் தையுங்கள். அம்மாவின் கல்யாணப் பட்டு போன்றவற்றை குஷனாக்க வேண்டாம் என்பது என் கருத்து. தினமும் சாய்ந்து உட்காரும் பொருள் தேயத்தான் செய்யும். அந்தப் பட்டின் முந்தியில் ஒரு சிறு துண்டு வளையத்துக்குப் போதும்.

பிய்ந்த கோரைப்பாயில் மேசை விரிப்பு

கோரைப்பாய் முழுவதும் ஒரே நேரத்தில் வீணாவதில்லை. ஓரம் பிய்யும், சுருட்டும் இடத்தில் கோரை ஒடியும், நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்க 18-க்கு 12 இஞ்ச் துண்டுகள் நான்கு அதிலிருந்து எளிதாக எடுக்கலாம்.

இதில் சிக்கல் வெட்டுவதுதான். பாயில் நூல் நெடுக்காகவும் கோரை குறுக்காகவும் ஓடுகிறது. எந்தப் பக்கம் வெட்டினாலும் பிடிமானம் போய்விடும். நூல் அறுந்தால் கோரை ஒவ்வொன்றாக நழுவும், கோரை அறுந்தால் ஓர நூல் கழன்றுகொள்ளும். எனவே வெட்டுவதற்கு முன்பே பூட்ட வேண்டும். சாக்பீஸால் வெட்டுக்கோட்டை வரைந்து, அந்தக் கோட்டின்மேல் ஒரு இஞ்ச் அகலத்துக்கு வெள்ளைப் பசையைப் பிரஷ்ஷால் தடவுங்கள், நன்றாக உள்ளே இறங்க வேண்டும். காய்ந்ததும் பாயைப் புரட்டி மறுபக்கமும் அதே மாதிரி. ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் பசைப்பட்டையின் நடுவே வெட்டுங்கள். இரு பக்கமும் அரை அரை இஞ்ச் பசை நின்று இழையைப் பிடித்துக்கொள்ளும். கோரை 18 இஞ்ச் நீளவாக்கில் ஓடும்படி துண்டுகளை அமையுங்கள், பார்க்க நன்றாக இருக்கும்.

பிறகு ஓரம் கட்டுவது. குஷனுக்கு வெட்டியது போக மிஞ்சிய சேலைத் துணியில் 3 இஞ்ச் அகலப் பட்டைகள் எடுங்கள். பட்டையின் இரு நீள ஓரங்களையும் அரை இஞ்ச் உள்ளே மடித்து இஸ்திரி, பிறகு நடுவில் மடித்து இஸ்திரி. இப்போது ஒரு இஞ்ச் அகலத்தில் வாய் திறந்த நாடா கிடைத்துவிட்டது. பாயின் விளிம்பை அதன் வாய்க்குள் செருகி, இரு பக்கத் துணியும் சேர்ந்து பிடிக்கும்படி கெட்டி நூலால் தையுங்கள். ஊசியைக் கோரையின்மேல் குத்தினால் கோரை நெடுக்காகப் பிளக்கும். இரண்டு கோரைகளுக்கு நடுவில் பார்த்து நுழையுங்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் கோரை வளைந்துகொடுக்கும், வேலை சுலபமாகும். மூலையில் துணியை உறை மடிப்பதுபோல் சாய்த்து மடித்துத் தைத்தால் நேர்த்தியாக இருக்கும்.

வீட்டில் இருப்பது பத்தமடைப் பாய் என்றால் வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். தாமிரபரணிக் கரையோரக் கோரையை மெல்லிய இழைகளாகக் கீறி, பட்டுப்போல் மடியும் அளவுக்கு நெய்த பாய்கள் பத்தமடையில் உண்டு. 2013-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படி ஒரு நைஸ் பாய் கிடைத்தால், அது பழசானாலும் சரி, அப்படியே மரச்சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். கத்தரி சாதாரணப் பாய்க்கு மட்டும்.

மணையில் கோலம்

பழைய வீடுகளில் பந்திக்கும் பூஜைக்கும் பயன்பட்ட மரமணைகள் இன்று பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கின்றன. அதைத் தேய்த்து, செங்காவி நிறம் கொடுத்து, வெள்ளையில் கோலம் போட்டால் விளக்கு வைக்கும் பலகையாகவோ, சுவரோரம் சாய்த்து வைக்கும் அலங்காரமாகவோ ஆகும். இந்தக் கட்டுரையில் அதிக நாள் எடுக்கும் வேலை இதுதான். அதற்குக் காரணம் காயும் நேரம், அதைக் குறைக்க முயலாதீர்கள்.

சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மணையைத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். விளக்கெண்ணெய் ஊறிய மணையில் பெயின்ட் ஒருநாளும் ஒட்டாது. நிழலில் இரண்டு நாள் காயட்டும். பிறகு உப்புத்தாள்: முதலில் 80, பிறகு 120, கடைசியில் 220. மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறதோ அந்த வாக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் இரண்டு கோட் பெயின்டுக்கு அடியிலிருந்தும் தெரியும். ஆணி ஓட்டை, பிளவு இருந்தால் மரவேலைக்கான புட்டியால் அடைத்து, காய்ந்ததும் சமமாகத் தேயுங்கள். தூசியை முழுதாகத் துடைத்துவிட்டு ஒரு கோட் பிரைமர்.

பெயின்டில் புதியவர்கள் தடுமாறும் இடம், எண்ணெய் பெயின்டையும் தண்ணீர் பெயின்டையும் கலந்து பயன்படுத்துவது. பளபளப்பான எனாமல் அடித்து அதன்மேல் அக்ரிலிக்கில் கோலம் போட்டால், சில வாரங்களில் கோலம் தோலாக உரிந்து வரும். பிரைமர், அடிநிறம், கோலம் மூன்றும் தண்ணீரில் கரையும் வகையாகவே வாங்குங்கள். வாசனை குறைவு, பிரஷ்ஷையும் குழாயடியிலேயே கழுவலாம். அடிநிறம் இரண்டு கோட், மெல்லியதாக. ஒரே கோட்டில் கெட்டியாக அப்பினால் ஓரத்தில் வழிந்து உறையும். கோட்டுக்குக் கோட் இடைவெளி எவ்வளவு என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். மழைக்காலத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள்.

இனி கோலம். 12 இஞ்சுக்குக் குறையாத அகலமுள்ள மணைக்கு ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நான்கு வரை நன்றாகப் பொருந்தும். வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி ஒன்றரை இஞ்ச், வரிசைக்கு வரிசை 1.3 இஞ்ச் என்று ஸ்கேல் வைத்துச் சாக்பீஸால் குறியுங்கள். இந்த இரண்டு அளவும் சரியாக இருந்தால்தான் அறுகோணம் எந்தப் பக்கமும் நசுங்காமல் நிற்கும். வாசலில் கண்ணளவாகப் புள்ளி வைத்துப் பழகிய கை என்றாலும், பலகையில் ஸ்கேல் வைத்துக்கொள்வது நல்லது. வாசல் கோலம் மறுநாள் போய்விடும், இது நிற்கும்.

நடுப்புள்ளியிலிருந்து ஆறு திசையிலும் மும்மூன்று புள்ளிகள் நேர்கோட்டில் போகும். ஒவ்வொரு திசையிலும் நடுவில் தொடங்கி, முதல் புள்ளியைச் சுற்றி வளைத்து, இரண்டாம் புள்ளியில் கூராக முடியும் ஓர் இதழ் வரையுங்கள். ஆறு இதழ்ப் பூ வந்துவிட்டது. மூன்றாவது புள்ளி, அதாவது மூலைப்புள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அகல்விளக்கோ மொட்டோ. இப்போது இரண்டு இதழ்களுக்கு இடையில் ஒரு புள்ளியும் அதற்கு வெளியே இரண்டு புள்ளிகளும் முக்கோணமாக மிஞ்சியிருக்கும். அந்த மூன்றையும் சேர்த்து இரண்டு இலை போடுங்கள். 37-இல் ஒன்றுகூட அநாதையாக நிற்காது. முதலில் முழுவதையும் சாக்பீஸிலேயே வரைந்து, சில அடி தள்ளி நின்று பாருங்கள். கோணல் இருந்தால் ஈரத்துணியால் துடைத்து மறுபடி.

வெள்ளை அக்ரிலிக்கை 1 அல்லது 2 எண் பிரஷ்ஷால் தீட்டலாம். கோலமாவு பிடித்துப் பழகியவர்களுக்குப் பிரஷ்ஷைவிடக் கூம்பு சௌகரியமாக இருக்கும். மருதாணிக் கூம்பு மாதிரி பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி, பெயின்ட் நிரப்பி, நுனியில் மிகச் சிறிய ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். தடித்த கோடு புடைத்து நிற்கும், மாக்கோலம் காய்ந்தது போல இருக்கும். மணையின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரைந்து வந்தால் ஈரக் கோட்டில் கை படாது.

ஒரு முழுநாள் காய்ந்தபின், மிஞ்சிய சாக்பீஸ் தூளை உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, நிறமில்லாத வார்னிஷ் இரண்டு கோட் கொடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. மணையின்மேல் விளக்கு வைப்பதானால் அடியில் ஒரு பித்தளைத் தட்டு அவசியம். எண்ணெயும் சூடும் வார்னிஷைக் கெடுக்கும்.

மண்தொட்டியும் உருளியும்

மண்தொட்டிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேய்த்துக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள். சுட்ட மண்ணின் செந்நிறமே அழகான அடிநிறம், அதை மூடிவிட்டு வேறு நிறம் அடிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியை வெள்ளை அக்ரிலிக்கில் தொட்டு, தொட்டியின் கழுத்தைச் சுற்றி ஒரு வரிசைப் புள்ளி, கீழே அதன் இடைவெளிகளில் இன்னொரு வரிசை, அவ்வளவே. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தொட்டியில் நேரடியாக மண் போட்டுச் செடி வைத்தால் ஈரம் உள்ளிருந்து கசிந்து வந்து பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து அதை உள்ளே இறக்கிவிடுங்கள்.

உருளி இருந்தால் செய்ய ஒன்றுமே இல்லை. புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால் புளியின் அமிலத்தில் பித்தளையின் கறுப்பு விட்டுப்போகும். தண்ணீர் ஊற்றி, நந்தியாவட்டையோ அரளியோ சாமந்தியோ வாசலில் பூத்ததை மிதக்கவிடுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ நாய்க்குட்டியோ இருந்தால் அரளி மட்டும் வேண்டாம், அது விஷம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும்.

எங்கே வைப்பது, எப்படி மாட்டுவது

செய்த எல்லாவற்றையும் ஒரே அறையில் குவிக்காதீர்கள். ஒரு சுவரில் ஒரு கூட்டம் போதும், எதிர்ச் சுவர் வெறுமையாகவே இருக்கட்டும். குஷன் உறையில் உள்ள ஒரு நிறம் வளையத்திலும் இருந்தால் அறை தானாகச் சேர்ந்து தெரியும். எல்லாம் ஒரே சேலையிலிருந்து வந்தால் இந்தக் கவலையே இல்லை.

உயரம் பற்றி ஒரு யோசனை. நம் வீடுகளில் படங்களை நிலைப்படிக்கு மேல், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டும் பழக்கம் உண்டு. சாமி படத்துக்கு அது சரி. கைவேலையைப் பார்ப்பவர் கண் உயரத்தில் மாட்டுங்கள். எல்லோரும் தரையிலோ திவானிலோ உட்காரும் அறை என்றால் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக. வளையம் இப்படித் தாழ வந்தால்தான் சுங்குடிப் புள்ளி தெரியும்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். ஒட்டுக் கொக்கிகள் டைல்ஸ், கண்ணாடி, பெயின்ட் அடித்த மரக்கதவு இவற்றில் நன்றாகப் பிடிக்கும். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பிடிக்காது, விழும்போது சுவரையும் பெயர்த்துக்கொண்டு விழும். அந்த வீடுகளில் ஜன்னல் கம்பியும் திரைச்சீலைக் கம்பியும் பரணின் விளிம்பும்தான் துணை. வளையங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சணல் கயிற்றில் கட்டித் திரைச்சீலைக் கம்பியிலிருந்து தொங்கவிடலாம். மணையை எங்கும் மாட்ட வேண்டாம், அலமாரியின் மேல் சுவரில் சாய்த்து வைத்தாலே போதும், முன்னால் வழுக்காமலிருக்க அடியில் ஒரு ரப்பர் துண்டு.

நேர்வெயில் படும் ஜன்னலோரத்தைத் துணி வேலைகளுக்குத் தவிருங்கள், சாயம் வெளுக்கும். சுங்குடி குஷன் உறையை முதல் இரண்டு மூன்று முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் காய வையுங்கள். கோரை விரிப்பில் குழம்பு சிந்தினால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காற்றில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், சுருட்டி வைத்தால் மறுபடி அதே இடத்தில் ஒடியும். தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள்.